அறுவை சிகிச்சைக்குப் பின் வலிமருந்துப் பட்டனை அழுத்துவது எப்படி?

பி.சி.ஏ. பம்பு என்பது, சிரையில் செருகிய குழாய் வழியாக மார்ஃபின் போன்ற வலிமருந்தை, நோயாளி பட்டனை அழுத்தும்போது சிறு அளவில் செலுத்தும் கருவி. "வலித்தால் அழுத்துங்கள்" என்ற ஒற்றை வரி விளக்கத்தோடு அதைக் கையில் கொடுப்பது போதாது என்பது என் கருத்து.

படி 1: அறுவைக்கு முன்பே, மயக்க மருத்துவரிடம் பட்டனைக் காட்டச் சொல்லுங்கள். உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், சிறுநீரகக் கோளாறு, தூக்க மாத்திரைப் பழக்கம் ஆகியவை இருந்தால் அப்போதே தெரிவித்துவிட வேண்டும்.

படி 2: பூட்டு நேரத்தை, அதாவது ஒருமுறை மருந்து வந்தபின் அடுத்த மருந்து வராத இடைவெளியை, கேட்டறியுங்கள். பெரியவர்களுக்கு மார்ஃபின் என்றால், ஓர் அழுத்தத்துக்கு 1 மில்லிகிராம், அடுத்ததற்கு 5 முதல் 10 நிமிட இடைவெளி என்பது வழக்கமான அமைப்பு. இடைவெளிக்குள் எத்தனை முறை அழுத்தினாலும் மருந்து வராது. ஆனால் அந்த அழுத்தங்களையும் பம்பு பதிந்துகொள்வதால், கொடுத்த அளவு போதவில்லையோ என்று மருத்துவர் ஆராய அது உதவும். ஆகவே தயக்கம் வேண்டாம்.

படி 3: வலி உச்சத்துக்கு ஏறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். இருமுவதற்கோ எழுந்து நடப்பதற்கோ 5 நிமிடம் முன்பே அழுத்துவது நல்லது. வலி அறவே இல்லாமல் போக வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஆழமாக மூச்சிழுக்கவும் நடக்கவும் முடிகிற அளவுக்குக் குறைந்தால் போதும். உறங்கும்போது யாரும் அழுத்துவதில்லை என்பதால், வலியோடு விழிப்பதும் உண்டு. அதைச் செவிலியரிடம் சொல்லுங்கள்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், இம்முறையில் 81 சதவீதத்தினரும், மற்றவர் மருந்து கொடுக்கும் வழக்கமான முறையில் 61 சதவீதத்தினரும் மனநிறைவு தெரிவித்திருந்தனர். வலி அளவில் வேறுபாடு அவ்வளவு பெரிதல்ல. அரிப்போ இம்முறையில்தான் கூடுதல். அப்படியிருந்தும் மனநிறைவு கூடியதற்கு, மருந்துக்காக இன்னொருவரை எதிர்பார்த்துக் கிடக்க வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

படி 4: பட்டனை நீங்கள் மட்டுமே அழுத்த வேண்டும். மருந்து மிகுந்து அயர்ந்துவிட்டால் நோயாளியால் அழுத்த முடியாது, மருந்தும் தானாக நின்றுவிடும். இதுவே இக்கருவியின் முதன்மையான பாதுகாப்பு. உறங்குபவருக்கு வலிக்குமே என்று உறவினர் அன்பினால் அழுத்தினாலும் அந்தப் பாதுகாப்பு உடைந்து, மூச்சு மந்தமாகும் ஆபத்து நேரும்.

படி 5: குமட்டல், அரிப்பு, மலச்சிக்கல் தோன்றினால் பொறுத்துக்கொள்ளாமல் சொல்லுங்கள், மாற்று உண்டு. வாய்வழி உட்கொள்ள முடிந்ததும் மாத்திரைக்கு மாற்றுவார்கள். பம்பைக் கழற்றும் முன், முதல் மாத்திரை எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.