பாவ்லவா, ஸ்கின்னரா? உதாரணத்தைப் பார்த்ததும் கண்டுபிடிப்பது எப்படி

ஆக்கநிலையுறுத்தல், அதாவது அனுபவத்தால் பழக்கங்கள் உருவாகும் விதம், பி.எட்., டெட் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் அதிகம் குழம்பும் உளவியல் பாடம். இதில் தொன்மை வகை ஆய்வாளர் பாவ்லவுடையது, செயல்படு வகை ஆய்வாளர் ஸ்கின்னருடையது. வரையறையை மட்டும் மனப்பாடம் செய்தால், கேள்வியில் உதாரணம் மாறியதும் தடுமாற வேண்டியிருக்கும். அதற்குப் பதில் இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள்.

படி 1: உணவு எதனால் கிடைத்தது?

இங்கேதான் நிதானம் வேண்டும். பாவ்லவின் ஆய்வகத்தில் நாய் வார்களால் கட்டப்பட்டு நிற்கும். மெட்ரோனோம் (சீராகத் தட்டி ஒலிக்கும் கருவி) ஒலிக்கும், அப்புறம் உணவு வரும். நாய் என்ன செய்தாலும், செய்யாவிட்டாலும் உணவு வந்துவிடும். இப்படிப் பலமுறை நடந்தபின் ஒலியைக் கேட்டாலே எச்சில் ஊறும். ஸ்கின்னரின் பெட்டியிலோ எலி நெம்புகோலை அழுத்தினால்தான் உணவு உருண்டை விழும்.

கிடைப்பது உயிரியின் செயலைப் பொறுத்தது என்றால் செயல்படு ஆக்கநிலையுறுத்தல். செயலுக்குச் சம்பந்தமில்லாமல் இரண்டு தூண்டல்கள் (இங்கே ஒலியும் உணவும்) சேர்ந்து வந்தால் தொன்மை ஆக்கநிலையுறுத்தல்.

படி 2: துலங்கல் தானாக வந்ததா?

துலங்கல் என்பது தூண்டலுக்கு உயிரி காட்டும் எதிர்வினை. அது எச்சில், பயம், இமைத்தல் என்றால் பெரும்பாலும் தொன்மை வகை. 1920-இல் உளவியல் ஆய்வாளர்கள் வாட்சனும் ரேனரும் ஆல்பர்ட் என்ற குழந்தை வெள்ளை எலியைத் தொடும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்புக் கம்பியில் சுத்தியலால் அடித்தார்கள். பிறகு சத்தமே இல்லாமல் எலியைப் பார்த்தாலும் குழந்தை அழுதது. அந்தப் பயத்தைப் போக்காமலே விட்டதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

படி 3: செயல் கூடியதா, குறைந்ததா?

செயல்படு வகைக்கு மட்டும் இந்தக் கேள்வி. கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. காரில் சீட் பெல்ட் போடும்வரை பீப் சத்தம் கேட்கிறது, போட்டதும் நிற்கிறது. தொல்லை நீங்குவதால் பெல்ட் போடும் பழக்கம் கூடுகிறது. ஆகவே இது எதிர்மறை வலுவூட்டல். தண்டனை என்று எழுதிவிடாதீர்கள்.

படி 4: இரண்டும் கலந்திருக்கிறதா?

நாய்ப் பயிற்சியில் பயன்படும் கிளிக்கரை, அதாவது அழுத்தினால் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் சிறு கருவியைப் பாருங்கள். முதலில் நாயிடம் எதுவும் கேட்காமல், கிளிக் செய்தவுடன் ஒரு துண்டு கோழி கொடுக்க வேண்டும். பலமுறை செய்தால் கிளிக் சத்தத்துக்கே நாய் காதை நிமிர்த்தித் திரும்பும். இதுவரை பாவ்லவ். அதன்பின் நாய் உட்காரும் அதே கணத்தில் மட்டும் கிளிக் செய்து, கோழி கொடுங்கள். இங்கிருந்து ஸ்கின்னர். கிளிக் செய்துவிட்டுக் கோழி கொடுப்பதை நிறுத்தினால் அந்தச் சத்தத்துக்கு மதிப்புப் போய்விடும். இதைத்தான் பாடநூல்கள் அற்றுப்போதல் என்கின்றன.