கேவுரு (கேழ்வரகு) கூழ்: புளிக்க வைப்பதிலிருந்து குடிக்கும் வரை

சித்திரை வெயில் ஏறியதுமே வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் கூழ் வண்டிகள் வந்து நின்றுவிடும். ஆடி பிறந்தால் அம்மன் கோயில் வாசலில் குண்டான் ஏறும். ஆனால் வீட்டில் காய்ச்சினால் பலருக்கும் பசை மாதிரி ஆகிவிடுகிறது, இல்லையென்றால் பச்சை மாவு வாசனை போகமாட்டேன் என்கிறது. ஒரு நாள் முழுக்க ஆக வேண்டிய வேலையை ஒரு மணி நேரத்தில் முடிக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலும் காரணம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடிக்க வேண்டுமா? சனிக்கிழமை விடியற்காலையில் மாவைக் கரைத்து வையுங்கள்.

நாலு பேருக்குக் கால் கிலோ கேவுரு மாவு, 100 கிராம் அரிசி நொய் போதும். கேழ்வரகை வாங்கி நாலு தண்ணீர் கழுவி, கல் அரித்து, ஒரு நாள் வெயிலில் காயவைத்து மிஷினில் அரைப்பது நல்லது. அதற்கு முன் மிளகாய் அரைத்திருந்தால் காத்திருந்து அரையுங்கள். அந்தக் காரம் கூழில் தெரியும். பாக்கெட் மாவென்றால் முகர்ந்து பாருங்கள், சிக்கு வாடை அடித்தால் வேண்டாம். முளைகட்டிய மாவும் கூழுக்கு ஆகாது. தானியம் முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும், எவ்வளவு கிளறினாலும் நீர்த்துப்போகும்.

மாவில் அரை லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கையால் கரையுங்கள். தோசைமாவு பதம் வர வேண்டும். மண்சட்டியோ எவர்சில்வரோ இருக்கட்டும், அலுமினியமும் பித்தளையும் புளிப்புக்கு ஒத்துவராது. பாதிச் சட்டி காலியாக இருக்கட்டும், மூடியை லேசாக வையுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை தூக்கலாக இருந்தால் கொதிக்கவைத்து ஆறவைத்துச் சேருங்கள், இல்லாவிட்டால் புளிப்பு ஏறத் தாமதமாகும். உப்பு இப்போது வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் 8 மணி நேரத்தில் புளித்துவிடும். ஆடியில் 10 மணி நேரம் விடுங்கள். மார்கழியிலும் அடைமழை நாட்களிலும் ஒரு ராத்திரியும் சேர்ந்துபோகும், அதனால் வெள்ளிக்கிழமை ராத்திரியே கரைத்துவிட வேண்டும். கடிகாரத்தைவிட மூக்கை நம்பலாம்: மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும், ஓரத்தில் சின்னக் குமிழிகள் வரும், தோசைமாவின் இதமான புளிப்பு வாசனை அடிக்கும். புளிப்பு கூடிவிட்டதாகத் தோன்றினால் அந்தத் தெளிந்த தண்ணீரை மட்டும் இறுத்துவிட்டு அதே அளவு புதுத் தண்ணீர் சேருங்கள். பூஞ்சை பூத்திருந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, நூல் நூலாக இழுத்தாலோ மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். மேலாக வழித்துவிட்டுக் காய்ச்சக் கூடாது.

சாயங்காலம் அடி கனமான பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கட்டும். கழுவிய நொய்யைப் போட்டு, விரலால் நசுக்கினால் மசியும் வரை வேகவிடுங்கள். 20 நிமிடம் ஆகும். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, புளித்த மாவை அடிவரை கலக்கி மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். ஒரு கை ஊற்ற, மறு கை துடுப்பால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். தனியாளாக இருந்தால் ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கிளறுங்கள். கொதிநீரில் மாவு மொத்தமாக விழுந்தால் வெளிப்புறம் உடனே வெந்து தோலாகிவிடும், உள்ளே பச்சையாக அடைபடும். கட்டி விழுவது இதனால்தான். விழுந்துவிட்டால் பாத்திரத்தை இறக்கி மத்தால் மசித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

முதல் ஐந்து நிமிடம் கையை எடுக்கவே கூடாது. அதற்குள் கூழ் சட்டென்று இறுகும், பொளக் பொளக்கென்று குமிழி வெடித்துத் தெறிக்கும். தெறிப்பது தோலில் ஒட்டிக்கொண்டு சுடும் என்பதால் கையில் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அடுப்புப் பக்கம் விடாதீர்கள். பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடியோடு சுரண்டிக் கிளறி இன்னும் 15 நிமிடம் வேகவிட வேண்டும். சாம்பல் பழுப்பாக இருந்தது கரும்பழுப்பாகி மினுமினுக்கும். தண்ணீரில் விரலை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை. அடிபிடித்துவிட்டால் சுரண்டாமல் மேலிருப்பதை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். தண்ணீர் சேர்த்தால் தீய்ந்த வாசனை போகாது.

நன்றாக ஆறியதும் மேலே ஒரு டம்ளர் ஆறின தண்ணீர் ஊற்றி மூடிவிடுங்கள், ஏடு கட்டாது. ராத்திரி வெளியிலேயே இருக்கட்டும், மிச்சப் புளிப்பு அப்போதுதான் இறங்கும். கோயிலுக்குக் கிலோக் கணக்கில் காய்ச்சுகிறவர்கள் ஒரே குண்டானில் விட்டுவைக்க வேண்டாம். நடுப்பகுதி ஆற வெகுநேரமாகி, விடிவதற்குள் கடுத்துப்போகும். இரண்டு மூன்றாகப் பிரித்து வையுங்கள்.

காலையில் ஆளுக்கு இரண்டு கைப்பிடிக் கூழை எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீர், கால் டம்ளர் மோர், தேவைக்கு உப்புச் சேர்த்துக் கையால் கரையுங்கள். மிக்ஸியில் அடித்தால் நொய் கூழாகிவிடும், வாயில் நொய் தட்டுப்படுவதுதான் ருசியே. சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் கட்டாயம் வேண்டும்.

கூடவே நெத்திலிக் கருவாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை; காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்தக் கோடைக் கூழுக்குக் கருவாடுதான் துணை. வாங்கும்போது ஒன்றை ஒடித்துப் பாருங்கள், பட்டென்று முறிந்தால் காய்ந்த சரக்கு, வளைந்தால் ஈரம் இருக்கிறது, சீக்கிரம் கெடும். 100 கிராமுக்குத் தலையைக் கிள்ளிவிட்டு, வெறும் சட்டியில் மூன்று நிமிடம் வறுத்து, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மணல் போக மூன்று தடவை அலசுங்கள். மூன்று ஸ்பூன் நல்லெண்ணெயில் பத்துப் பல் பூண்டு, இரண்டு பெரிய வெங்காயம் வதக்கி, ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள், கொஞ்சம் மஞ்சள்தூள் போட்டுக் கருவாட்டைச் சேர்த்துச் சுருள வறுக்க வேண்டும். உப்பு கடைசியில், ருசி பார்த்த பிறகு. பெரும்பாலும் தேவைப்படாது.

கூழ் மிஞ்சிப் புளிப்பேறினால், வெயில் இருக்கும் நாளில் பச்சைமிளகாயும் சீரகமும் இடித்துப்போட்டு, உப்புச் சேர்த்து, இறுகும் வரை கிளறி, ஈரத்துணியில் ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றுங்கள். மொட்டைமாடியில் இரண்டு நாள் சலசலவென்று காய்ந்தால் மழைக்காலத்துக்குப் பொரிக்க வடகம் ஆயிற்று.