பக்கம் கிழியவில்லை: பழைய ஆங்கில எழுத்துப் படப் புத்தகங்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில ஓவியர் கேட் கிரீனவேயின் 'ஏ ஆப்பிள் பை' (1886) என்ற எழுத்துப் புத்தகத்தை ஸ்கேனில் புரட்டுகிறவர்கள் நடுவில் ஓரிடத்தில் நின்றுவிடுவார்கள். 'எச்' முடிந்ததும் 'ஜே' வந்துவிடும். 'ஐ' எங்கே? ஸ்கேன் எடுத்தவர் ஒரு பக்கத்தை விட்டுவிட்டார் என்றோ, ஏதோ குழந்தை கிழித்துவிட்டது என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தப் பக்கம் அச்சிலேயே கிடையாது. ஒவ்வொரு எழுத்தும் ஓர் ஆப்பிள் பையை (ஆப்பிள் வைத்துச் சுட்ட பண்டம்) ஏதாவது செய்வதாகப் பாடும் அந்தப் பாட்டு 17-ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது. அப்போது ஐ, ஜே இரண்டையும் ஒரே எழுத்தாகவே நினைத்தார்கள். கிரீனவே பாட்டைப் பழையபடியே எடுத்துக்கொண்டார். கடைசியில் யு முதல் இசட் வரை ஆறும் ஆளுக்கொரு பெரிய துண்டைத் தின்றுவிட்டு, ஒரே பக்கத்தில் தூங்கப் போய்விடும். ஆக மொத்தம் 20 படம்தான். எண்ணிப் பார்த்து 'குறையுள்ள பிரதி' என்று ஒதுக்கினால் நஷ்டம் நமக்கு.

வேறு சில பாடப் புத்தகங்களில் இதற்கு நேர்மாறு: இசட்டுக்கு அப்புறமும் ஒன்று இருக்கும், 'அண்ட்' குறி (&). 'அண்ட் பெர் சே அண்ட்' (தனியாக நின்றாலே 'அண்ட்') என்று பிள்ளைகள் வேகமாக ஒப்பித்ததுதான் 'ஆம்பர்சாண்ட்' என்று தேய்ந்து அந்தக் குறியின் பெயரானது.

கிரீனவே படத்தைக் காட்டி '1880-களில் குழந்தைகள் இப்படித்தான் உடுத்தினார்கள்' என்று எழுதுவது இன்னொரு தவறு. அந்தக் குல்லாவும் நெஞ்சுக்குக் கீழேயே இடுப்பு வைத்த கவுனும் சுமார் 80 வருடம் முந்தைய பாணி. வேடிக்கை என்னவென்றால், படம் பிரபலமான பிறகு அதைப் பார்த்து நிஜக் குழந்தைகளுக்கும் அப்படித் தைத்துப் போட்டார்கள்.

நிறத்திலும் ஏமாறுவோம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிப் புத்தகங்களுக்குப் பெரும்பாலும் கையால்தான் வண்ணம். மேசையைச் சுற்றிச் சிறுவர்கள் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரே நிறமாகத் தீட்டித் தள்ளிவிடுவார்கள். பின்னால் எட்மண்ட் எவன்ஸ் மாதிரி அச்சகக்காரர்கள் நிறத்துக்கு ஒரு மரக்கட்டை செதுக்கினார்கள். பெரிதாக்கிப் பாருங்கள்: கையால் தீட்டியதில் சிவப்பு கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். கட்டையில் அச்சிட்டதில் பச்சையாகத் தெரிகிற இடம், நீலத்தின் மேல் ஓடும் மெல்லிய மஞ்சள் கோடுகளாகவும் இருக்கலாம்.

ஆண்டு விஷயத்தில் அவசரம் கூடாது. பல மலிவுப் பதிப்புகளில் ஆண்டே இருக்காது. இருந்தாலும் நம்ப முடியாது: ஆங்கில ஓவியர் வில்லியம் நிக்கல்சனின் 'ஆன் ஆல்ஃபபெட்' 1898 என்று போட்டுக்கொண்டு 1897-லேயே கடைக்கு வந்துவிட்டது.

குழந்தைப் புத்தகம்தானே, இதில் என்ன அரசியல் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. 1846-இல் பிலடெல்ஃபியாவில் வந்த 'ஆன்டி-ஸ்லேவரி ஆல்ஃபபெட்' நூலில் ஏ என்றால் 'அபாலிஷனிஸ்ட்', அடிமை ஒழிப்புப் போராளி. எஸ் என்றால் சர்க்கரை; உன் டீக்கும் கேக்குக்கும் அடிமை ஒருவன் பாடுபடுகிறான் என்று சொல்லும். 1899-இல் லண்டனில் வந்த 'ஏபிசி ஃபார் பேபி பேட்ரியாட்ஸ்' நூலிலோ ஈ என்றால் எம்பயர், சூரியன் மறையாத சாம்ராஜ்யம்.

எக்ஸ் பக்கத்தில் எக்ஸ்-ரேயைத் தேடாதீர்கள். அதைக் கண்டுபிடித்ததே 1895-இல்தான். எக்ஸில் தொடங்கும் சொல் கிடைப்பதே கஷ்டம். வேடிக்கைப் பாட்டுக்காரர் எட்வர்ட் லியர் பாரசீக மன்னன் செர்க்ஸீஸைப் பிடித்தார். 1836-இல் கேலிச்சித்திரக்காரர் குரூக்ஷாங்க் சாக்ரடீஸின் மனைவி சாந்திப்பியை இழுத்துவந்தார். நிக்கல்சனுக்கு அந்தக் கஷ்டமே இல்லை: அவருடைய எக்ஸ் 'சைலோகிராஃபர்', மரத்தில் படம் செதுக்குகிறவர். அந்தப் புத்தகத்தின் படங்களையும் அவர் மரத்தில்தான் செதுக்கியிருந்தார்.