கோல்ஃப் மைதான நுழைவாயிலில் நிற்கும் பழைய மோட்டார் அறையை அழகுபடுத்துவது எப்படி?

பொதுமக்கள் விளையாடும் கோல்ஃப் மைதானங்களில் நுழைவாயிலை ஒட்டியே ஒரு பழைய மோட்டார் அறையோ, தண்ணீர்த் தொட்டியோ, மின்சாரக் கொட்டகையோ நிற்பதைப் பல இடங்களில் காணலாம். குழாயும் மின்கம்பியும் சாலை வழியாகவே மைதானத்துக்குள் வருவதால், அவற்றைச் சேர்ந்த கட்டடங்களும் சாலையோரத்திலேயே அமைந்துவிடுகின்றன. சிமெண்ட் கல் சுவர், தகரக் கூரை, துருப்பிடித்த இரும்புக் கதவு, வெளியே துருத்திக்கொண்டிருக்கும் குழாய்கள் என்று வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுவாகவே இருக்கிறது. அந்தக் கட்டடத்தை இடிக்க முடியாது என்றால் அதைச் சீராக்கிப் பார்வைக்கு இதமாக்குவதுதான் வழி. அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஆனால் செய்யும் வரிசை முக்கியம்.

அழகுபடுத்துவது என்றவுடன் எதையாவது சேர்ப்பது என்றே பலரும் எண்ணுகிறார்கள். அது எப்படித் தவறிப்போகும் என்பதற்கு ஓர் உதாரணம் பாருங்கள். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற கோல்ஃப் மைதானமான செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸில் உள்ள ஸ்வில்கன் பாலம், ஆட்டு மந்தைகள் ஓடையைக் கடப்பதற்காக ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன்பு கட்டப்பட்ட சிறிய கல்பாலம். பார்வையாளர்களின் காலடி பட்டு அதன் முனையில் தரை தேய்ந்துகொண்டே போனதால், 2023 பிப்ரவரியில் அங்கே ஒரு கல்தளம் பாவினார்கள். கோல்ஃப் உலகம் முழுவதிலிருந்தும் கண்டனம் எழுந்தது. சில நாட்களிலேயே கற்களைப் பெயர்த்துவிட்டுப் புல்லைப் பதித்தார்கள். தரையைக் காக்கும் நோக்கம் நியாயமானதுதான். சேர்த்த பொருள் அந்தப் பாலத்தின் எளிமைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவே. உங்கள் மோட்டார் அறை வரலாற்றுச் சின்னம் அல்ல என்றாலும், வேலைக்காகக் கட்டியது வேலைக்கான கட்டடமாகவே தோன்றினால் போதும். சுத்தமாகவும் ஒழுங்காகவும் சூழலோடு இணைந்தும் நின்றால் அதுவே அழகு.

கட்டடம் என்ன வேலை செய்கிறது?

தூரிகையை எடுப்பதற்கு முன், அந்தக் கட்டடத்தை அன்றாடம் திறந்து மூடுகிற பராமரிப்புப் பணியாளரோடு ஒரு முழுச் சுற்று நடந்து வாருங்கள். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, லாரி எங்கே வந்து நிற்கும், வால்வுக் குழிகள் எங்கே இருக்கின்றன, கூரையில் இருக்கும் மூடி எதற்கு என்பவற்றையெல்லாம் அவரே சரியாகச் சொல்வார். ஆழத்திலிருந்து நீர் இறைக்கும் செங்குத்துப் பம்புகளைப் பழுது பார்க்கும்போது, கூரையில் உள்ள திறப்பின் வழியாகக் கிரேன் கொண்டு மேலே தூக்குவார்கள். அந்தத் திறப்பின்மேல் கொடிப்பந்தலோ அலங்கார முகடோ அமைத்தால், அடுத்த பழுதின்போது அதை உடைத்தே ஆகவேண்டும்.

காற்றுத் துளைகளையும் அப்படியே கருத வேண்டும். மோட்டார் ஓடும்போது வெளிவரும் வெப்பம் அந்தத் தகட்டுச் சாளரங்கள் வழியாகவே வெளியேறுகிறது. பார்க்க அழகாக இல்லை என்பதற்காக அவற்றைப் பலகையால் மறைத்தால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும். சுவிட்ச் பலகைக்கு முன்னால் ஆள் நின்று வேலை செய்யக் குறைந்தது 1 மீட்டர் இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். மின்மாற்றி, மின்சாரப் பெட்டி முதலியவை மின்வாரியத்துக்கோ மின் நிறுவனத்துக்கோ சொந்தமானவையாக இருக்கக்கூடும் என்பதால் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அவற்றுக்கு வண்ணம் பூசக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் அபாய அறிவிப்பையும் எண் தகட்டையும் மறைக்காமல் விடுங்கள்.

நிலத்தைத் தோண்டுவதற்கு முன் அடியில் செல்லும் குழாய், கேபிள் ஆகியவற்றின் தடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பொது மைதானம் என்பதால் நிர்வாகக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். அதை வாங்கப் போகும்போது வாய்மொழி விளக்கத்தைவிட, கட்டடத்தின் புகைப்படத்தின்மேல் வண்ணம் தீட்டிக் காட்டுவது எளிதில் பலன் தரும்.

ஈரமும் நஞ்சும்

பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளால் தேய்க்கும்போதும் சுரண்டும்போதும் அந்தத் தூசி மூச்சிலும் மண்ணிலும் கலக்கும் என்பதால், முதலில் ஒரு சிறு துண்டைப் பெயர்த்து ஆய்வுக்கூடத்தில் சோதிக்கக் கொடுங்கள். கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் அதை அறுக்கவோ, துளையிடவோ, வேகமாகப் பீய்ச்சும் நீரால் கழுவவோ கூடாது. உடையாமல் இருக்கும்வரை அதைத் தொடாமல் விடுவதே பாதுகாப்பு. மாற்றியே ஆகவேண்டும் என்றால் அதற்கென உரிமம் பெற்றவர்களை அழையுங்கள்.

அடுத்தது ஈரம். சுவரில் பூசிய வண்ணம் உரிந்து விழுவதற்கு மட்டமான வண்ணத்தைவிடச் சுவரில் தங்கும் ஈரமே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. கோல்ஃப் மைதானத்தில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு: நீர்தெளிப்பான். சுவரின் கீழ்ப்பாதியில் வில்போல வளைந்த ஒரு கறை தெரிந்தால், வெள்ளையாக இருந்தால் சுண்ணாம்புச் சத்து, செம்பழுப்பாக இருந்தால் இரும்புச் சத்து என்று கொள்ளலாம். ஏதோ ஒரு தெளிப்பான் நாள்தோறும் சுவரை நனைத்துக்கொண்டிருக்கிறது என்பது இரண்டிலும் பொது. அதன் கோணத்தைத் திருப்பாமல் எத்தனை கோட் அடித்தாலும் பயனில்லை. கூரையிலிருந்து வடியும் நீருக்குக் குழாய் இருக்கிறதா, சுவரோரம் மண் குவிந்து பூச்சின்மேல் ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

சுவர் உலர்ந்துவிட்டதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சுமார் 45 செ.மீ. சதுரமான ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாதபடி ஒட்டிவிட்டு, ஒரு பகலும் இரவும் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறத்தில் நீர்த்துளி கோத்திருந்தாலோ, சுவரில் அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறது.

உப்புப் பூத்த சுவரை முதலில் காய்ந்த தூரிகையால் துடைத்து எடுங்கள். தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போகும். மயிரிழை விரிசலைப் பட்டி வைத்து அடைக்கலாம். கல் வரிசையைப் பின்பற்றிப் படிக்கட்டுபோல ஏறும் விரிசல் அடித்தளம் இறங்குவதன் அடையாளமாக இருக்கலாம் என்பதால் பொறியாளர் பார்த்த பிறகே மேலே செல்ல வேண்டும். புதிதாகச் சிமெண்ட் பூசிய இடத்தை 28 நாட்களாவது உலர விடுங்கள்.

வண்ணம்

இந்த வேலையின் பாதி வெற்றி வண்ணத் தேர்வில்தான் இருக்கிறது. பெரும்பாலோர் செய்வது புல்லுக்குப் பொருந்தட்டும் என்று பளிச்சென்ற பச்சையைப் பூசுவது. அது கட்டடத்தை மறைப்பதற்குப் பதிலாக எடுத்துக் காட்டும். புல்லின் பச்சை வெயிலுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கிறது; டப்பாவில் வரும் பச்சை மாறுவதில்லை. அருகிலிருக்கும் மரங்களின் அடிநிழலையும் பட்டையையும் காய்ந்த சருகையும் உற்றுப் பாருங்கள். சாம்பல் கலந்த பழுப்பு, கருமை கலந்த பாசிநிறம், ஈரமண்ணின் நிறம் ஆகியவைதான் கட்டடத்தைப் பின்னுக்குத் தள்ளும். வெள்ளையும் வெளிர்மஞ்சளும் அதை முன்னுக்கு இழுக்கும்.

கட்டடம் மறைய வேண்டுமா, நுழைவாயிலின் அடையாளமாக நிற்க வேண்டுமா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மறைய வேண்டும் என்றால் கதவு, குழாய், தகட்டுச் சாளரம், பெட்டி அனைத்துக்கும் சுவரின் நிறத்தையே பூசுங்கள். கண் தனித்தனியாகப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லாதபோது அவை ஒன்றாகக் கரைந்துவிடும். ஆனால், குழாய்களில் உள்ளோடும் நீரைக் குறிக்கும் பாதுகாப்பு நிறங்கள் இருந்தால், குறிப்பாகச் சுத்திகரித்த கழிவுநீரைக் குறிப்பவை இருந்தால், அவற்றை மாற்றக் கூடாது. கட்டடம் அடையாளமாக நிற்க வேண்டும் என்றால் சுவர் அடக்கமாக இருக்க, கதவு ஒன்றுக்கு மட்டும் எடுப்பான நிறம் கொடுக்கலாம். இரண்டு இடத்தில் எடுப்பு வேண்டாம்.

அடர்நிறத்தில் ஒரு சிக்கல் உண்டு. அது வெயிலை வாங்கிக்கொள்ளும். உள்ளே மோட்டார் இருக்கிறது. ஆகவே மேலிருந்து யாரும் பார்க்காத தட்டைக் கூரை என்றால் அதற்கு வெயிலைத் திருப்பும் வெளிர்நிறத்தைப் பூசிவிட்டு, சுவருக்கு மட்டும் அடர்நிறம் கொடுங்கள். சரிந்த தகரக் கூரை சாலையிலிருந்து நன்றாகத் தெரியும் என்றால் நடுத்தரமான சாம்பல்நிறம் ஏற்றது.

எந்த நிறமாக இருந்தாலும் சுவரிலேயே 1 மீட்டர் சதுரத்தில் இரண்டு மூன்று மாதிரிகளைப் பூசி, காலையிலும் நண்பகலிலும் மாலையிலும், காரில் வருகிறவர் பார்க்கும் தூரத்தில் நின்று பாருங்கள். கையகல அட்டையில் பார்த்த நிறம் சுவரில் வேறாகத் தெரியும். பளபளப்பில்லாத வகையே நல்லது. பழைய சுவரின் மேடுபள்ளங்களைப் பளபளப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

சிமெண்ட் சுவருக்குக் காரத்தைத் தாங்கும் பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கோட், அதன்மேல் வெளிப்புற அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கோட் என்பது வழக்கமான முறை. பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவராக இருந்தால் காற்றும் ஆவியும் வெளியேற விடும் பூச்சு வேண்டும். ஜெர்மனியில் அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் 1878இல் காப்புரிமை பெற்ற சிலிகேட் வண்ணம் அப்படிப்பட்டது. அது மேலே படலமாக ஒட்டுவதைவிடச் சுவரின் கனிமத்தோடு வேதிமுறையில் பிணைந்துகொள்வதால் உரிவதில்லை. எமல்ஷன் பூசிய சுவரில் மட்டும் அது பிடிக்காது. இரும்புக் கதவைக் கம்பித் தூரிகையால் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பிரைமர் பூசிய பிறகே நிறம் கொடுக்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகரத்தின்மேல் எண்ணெய் வண்ணத்தை நேரடியாகப் பூசாதீர்கள். துத்தநாகம் அந்த எண்ணெயோடு வினைபுரிந்து சோப்புப் படலமாக மாறி, நாளடைவில் வண்ணம் பாளம் பாளமாக உரியும்.

சுவரோவியம் பற்றிப் பலர் கேட்பார்கள். நடந்து செல்பவர்கள் கடந்துபோகும் சுவராக இருந்தால் அது அருமையாக அமையும். வாகனங்கள் மட்டும் கடக்கும் சுவரில் நுணுக்கமான ஓவியம் வீண். மட்டையைச் சுழற்றும் வீரரின் பேருருவத்தைவிட அந்த மைதானத்தில் வாழும் பறவைகளையும் செடிகளையும் தீட்டுவது காலத்துக்கும் நிற்கும். செம்மண், காவி போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் வெயிலில் மங்குவதில்லை. பளிச்சென்ற இளஞ்சிவப்புகள் பல விரைவில் வெளுத்துவிடும்.

செடி, சட்டகம், தரை

கொடி படர விடுவதானால் சுவரில் வேரூன்றி ஒட்டும் வகையைத் தவிர்த்து, சுற்றி ஏறும் வகையைச் சட்டகத்தில் ஏற்றுங்கள். ஒட்டும் வேர்கள் பழைய சாந்தின் விரிசலுக்குள் நுழைந்து அதைப் பெயர்க்கும். சட்டகத்துக்கும் சுவருக்கும் இடையே 10 செ.மீ. இடைவெளி விட்டு, அடியில் கீல் வைத்து முன்னால் சாய்க்கும்படி பொருத்தினால், கொடியை வெட்டாமலேயே பின்னால் உள்ள சுவருக்கு மறுபடி வண்ணம் பூசலாம்.

சுவரடியில் 60 செ.மீ. அகலத்துக்குச் சரளை போடுங்கள். மழைத்துளி தெறித்துச் சுவரில் சேறு படுவது நிற்கும். புல்வெட்டும் இயந்திரத்தின் சுழலும் நரம்பு சுவர்ப்பூச்சையும் சட்டகத்தின் காலையும் செதுக்குவதும் நிற்கும். செடிகளை அந்தச் சரளைக்கு வெளியே, முழுதாக வளர்ந்தபின் அவை எவ்வளவு அகலமாகும் என்று கணக்கிட்டு நடுங்கள். வாகனங்கள் திரும்பும் முனையில் 60 செ.மீ. உயரத்துக்கு மேல் வளரும் எதுவும் வேண்டாம். ஓட்டுநரின் பார்வையை மறைக்கும். நீர்க்குழாயின் தடத்தில் மரம் கூடாது.

பந்து பறந்து வரும் எல்லைக்குள் கட்டடம் இருந்தால் கண்ணாடி, மெல்லிய ஓடு, சுடுமண் பலகை ஆகியவற்றை ஒதுக்குங்கள். கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராம் வரைதான் என்றாலும் வேகத்தோடு வந்து பட்டால் அவை சில்லு சில்லாகும். மரச்சட்டமும் கனமான கம்பிவலையும் தாங்கும்.

மைதானத்தின் பெயரைச் சுவரில் எழுதுவதானால், 3 மீட்டர் தூரத்துக்கு 2.5 செ.மீ. எழுத்துயரம் என்பது பெயர்ப்பலகைத் தொழிலில் வழங்கும் கணக்கு. 30 மீட்டரில் வரும் ஓட்டுநர் படிக்க 25 செ.மீ. எழுத்து வேண்டும். விளக்கு, ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவில் 3000 கெல்வினுக்கு மிகாத இளமஞ்சள் ஒளியாக, மேலிருந்து கீழ்நோக்கி விழுவதாக இருந்தால் கண் கூசாது, வானிலும் சிதறாது.

வேலையின் வரிசையும் பராமரிப்பும்

மழை இல்லாத, சுவர் 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் நாட்களில், கூரையில் தொடங்கிக் கீழே இறங்கி வாருங்கள்: கூரை, வடிகுழாய், சுவர், கதவு, பிறகு தரையும் செடியும். சுட்டெரிக்கும் வெயில் படும் சுவரில் பூசாமல், நிழலைப் பின்தொடர்ந்து பூசினால் தூரிகைத் தடம் விழாது.

வேலை முடிந்தபின் பயன்படுத்திய வண்ணத்தின் நிறுவனம், நிற எண், பூசிய தேதி ஆகியவற்றை ஒரு தகட்டில் எழுதிக் கதவின் உட்புறத்தில் பொருத்துங்கள். எஞ்சிய வண்ணத்தை டப்பாவில் இறுக மூடி, மோட்டார் அறையின் சூடு படாத வேறிடத்தில் வையுங்கள். கீறலோ கிறுக்கலோ தெரிந்த அன்றே அதிலிருந்து எடுத்துப் பூசலாம். ஆண்டுக்கு ஒருமுறை மென்மையான தூரிகையால் சுவரைக் கழுவுங்கள். பருவம் தொடங்கும்போது தெளிப்பான்களை ஓட விட்டு, ஒரு துளியாவது சுவரில் படுகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.