பிரான்சில் வாடகை வீட்டு ரிப்பேர்: புதுச்சேரியிலிருந்து போகிறவர்களுக்கு

லீவுக்கு ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. நெல்லித்தோப்பிலும் லாஸ்பேட்டையிலுமாக மூன்று குடும்பங்கள் பிரான்ஸ் போகத் தயாராக இருக்கிறார்கள். எல்லோரும் என்னிடம் கேட்டது விசா, டிக்கெட், பிள்ளைகளின் பள்ளிக்கூடம். வாடகை வீட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானும் போகும்போது கேட்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முத்தியால்பேட்டையில் பதினோரு வருஷம் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மோட்டார் ஓடவில்லை என்றால் மாடிப்படியில் நின்று ஒரு குரல் கொடுப்போம். "நீயே ஆள் வச்சுப் பாத்துட்டு வாடகையில கழிச்சுக்கப்பா" என்பார் வீட்டுக்கார அக்கா. பில்லைக்கூடக் கேட்க மாட்டார். 2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்கள் பின்கட்டுக் கூரைத் தகடு பறந்து போனபோது, மூன்றாம் நாள் அவரே கொத்தனாரோடு வந்து நின்றார். ஊரெல்லாம் கரண்ட் இல்லாத நேரம் அது. வாயால் சொன்னாலே நடக்கும் என்ற பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். அதே பழக்கத்தோடு பாரிஸ் பக்கம் போய் இறங்கினேன்.

முதலில் காகித வேலை. வீட்டுக்குள் போகும் அன்று எத்தா தெ லியூ என்று வீட்டின் நிலையை அறை அறையாகக் குறித்து இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுவார்கள். அவசரப்படுத்தினால் அசையாதீர்கள். குழாயைத் திறந்து பாருங்கள், ஜன்னலை மூடிப் பாருங்கள், சுவரில் கறை இருந்தால் எழுதச் சொல்லுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க 10 நாள் அவகாசம் உண்டு. ஹீட்டரைப் பற்றியது என்றால், குளிர்காலத்துக்கு ஹீட்டர் போடத் தொடங்கும் முதல் மாதம் வரைக்கும் கேட்கலாம். வீட்டு இன்சூரன்ஸ் கட்டாயம். கட்டில், மேஜை போன்ற சாமான் இல்லாமல் விடுகிற வீட்டுக்கு அட்வான்ஸ் ஒரு மாத வாடகைதான், நம்ம ஊர் மாதிரி பத்து மாதம் கிடையாது.

எந்தச் செலவு யாருடையது என்பதற்கு 1987-லேயே ஓர் அரசாணைப் பட்டியல் இருக்கிறது. குழாய் வாஷர், கழிவறைத் தொட்டியின் மிதவை, பல்ப் போன்ற சில்லறை வேலைகள் நம் தலையில். கேஸ் பாய்லர் இருந்தால் வருஷம் ஒருமுறை சர்வீஸ் செய்வதும் பொதுவாக நம் பொறுப்பு. அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பழசாகித் தேய்ந்து போனது, பெரிய வேலை எல்லாம் வீட்டுக்காரர் செய்ய வேண்டியது. சமையலறையிலும் குளியலறையிலும் வெந்நீர் வர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு ஆணையில் இருக்கிறது. அவர் தயவு பார்த்துச் செய்து கொடுக்கிற காரியம் இல்லை, அவருடைய கடமை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குளிருக்குப் பயந்து சுவரிலும் ஜன்னல் மேலேயும் இருக்கிற காற்று வழிகளைத் துணி வைத்து அடைக்காதீர்கள். நாம் சோறு வடிக்கிற ஆவியும், உள்ளே காயப்போடும் துணியின் ஈரமும் போக வழியில்லாமல் சுவரில் கறுப்புப் பூசணம் பிடிக்கும். அப்புறம் பழி உங்கள் மேல்தான் விழும்.

சரி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பாரிசுக்கு வடக்கே, 93-ஆம் மாவட்டத்தில் இரண்டு அறை வீடு. மாத வாடகை 790 யூரோ. நவம்பரில் வெந்நீர்த் தொட்டி நின்றுபோனது. பழைய தொட்டி, உள்ளே சூடாக்குகிற பாகம் எரிந்துவிட்டது. வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "சரி, சரி, பார்க்கிறேன்" என்றார். வாட்ஸாப்பில் போட்டோ அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. இப்படியே மூன்று வாரம். மகளுக்கு அப்போது இரண்டு வயது. இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து, பக்கெட்டில் விளாவி, குளியலறைக் கதவிடுக்கில் துண்டைச் செருகிக் குளிப்பாட்டினோம். மனைவிக்குக் கையில் கொப்புளம் வந்த அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. பிளம்பரைக் கூப்பிட்டேன். 340 யூரோ ஆனது. பில்லை வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டு, டிசம்பர் வாடகையில் அதைக் கழித்துக்கொண்டு 450 யூரோ போட்டேன். முத்தியால்பேட்டை அக்கா சொன்ன அதே கணக்கு.

ஜனவரியில் கோமிசேர் தெ ஜுஸ்தீஸ் என்ற சட்ட அதிகாரி வழியாக ஒரு காகிதம் வந்தது. 2022 ஜூலைக்கு முன் உய்சியே என்று சொன்னார்களே, அவர்தான். அந்தக் காகிதத்தின் பெயர் கொமாந்துமான் தெ பேயே, பாக்கியைக் கட்டச் சொல்லும் சட்டபூர்வ அறிவிப்பு. 340 யூரோ பாக்கி, அதோடு அந்தக் காகிதத்துக்கான கட்டணம் தனி, ஆறு வாரத்துக்குள் கட்டாவிட்டால் ஒப்பந்தம் ரத்தாக வழி உண்டு என்று எழுதியிருந்தது. 2023 ஜூலைக் கடைசிக்கு முந்தைய ஒப்பந்தங்களில் இந்தக் கெடு இரண்டு மாதம் என்று இருக்கும். தொட்டியைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அவர்கள் கணக்கில் நான் வாடகை பாக்கி வைத்தவன், அவ்வளவுதான்.

அதையும் தாங்கியிருப்பேன். ஆனால் நமக்கு ஜாமீன் நிற்பவர், அங்கே கோசியோன் என்பார்கள், அவருக்கும் அந்தக் காகிதம் 15 நாளுக்குள் போக வேண்டும் என்பது சட்டம். எனக்கு ஜாமீன் நின்றவர் என் மாமா. குருசுக்குப்பத்துக்காரர். 1962-இல் புதுச்சேரி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பம். சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். புதிதாக வந்த எனக்குச் சம்பளச் சீட்டு போதாதென்று எந்த வீட்டுக்காரரும் கதவைத் திறக்காதபோது, கேட்காமலே தன் பென்ஷன் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரயில் ஏறி வந்தார். கோட்டின் உள்பையிலிருந்து அந்த உறையை எடுத்து மேஜைமேல் வைத்து, மடிப்பைக் கையால் நீவிவிட்டார். "நாப்பது வருஷம் இந்த நாட்ல இருக்கேன் மாப்ளே. என் வாசலுக்கு இப்படி ஒரு ஆள் வந்ததில்ல" என்றார். குரலை உயர்த்தவில்லை. என் மனைவி காப்பி கொடுத்தாள். பாதி குடித்தார். பணத்தை முந்தின நாளே கட்டிவிட்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

ஆகவே, என்ன கோபம் வந்தாலும் வாடகையை முழுசாக, தேதி தவறாமல் கட்டுங்கள். நீங்களாகக் கழிக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது. வாடகையைக் குறைக்கவோ வேறு கணக்கில் கட்டி வைக்கவோ நீதிபதி சொன்னால்தான் முடியும்.

அப்படியானால் எப்படிக் கேட்பது? எழுதிக் கேட்க வேண்டும். முதலில் போனும் மெயிலும் போதும். ஒரு வாரத்தில் அசைவில்லை என்றால் தபால் நிலையத்தில் லெத்ர் ரெகொமாந்தே அனுப்புங்கள், வாங்கியவர் கையெழுத்துச் சீட்டு நமக்குத் திரும்பி வருகிற வகை. கடிதத்தில் கோபம் வேண்டாம். எந்தத் தேதியில் என்ன கெட்டது, எப்போதெல்லாம் சொன்னீர்கள், எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று எழுதி, மிஸ் ஆன் தெமெர் (கெடு வைத்து முறைப்படி கேட்பது) என்ற சொல்லைக் கட்டாயம் போடுங்கள். 1989 ஜூலை 6 வாடகைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு என்றும் ஒரு வரி சேருங்கள். அந்தச் சொல் இல்லாமல் நான் பிளம்பரைக் கூப்பிட்டதால்தான் 340 யூரோவைத் திரும்பக் கேட்க எனக்குப் பிடி இல்லாமல் போனது.

வீட்டுக்காரர் கடிதத்தை வாங்காமல் விட்டால் தபால் நிலையத்தில் 15 நாள் வைத்திருந்து உங்களுக்கே திருப்பி அனுப்புவார்கள். அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். நீங்கள் அனுப்பியதற்கு அதுவே சாட்சி.

எழுதத் தெரியவில்லை என்றால் பெரும்பாலான மாவட்டங்களில் ஆதில் (ADIL) என்ற அலுவலகம் இருக்கிறது. வீட்டு விவகாரத்துக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்வார்கள். பிரெஞ்சு தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஈரம், பூசணம், மின்கம்பி போன்ற ஆபத்து என்றால் ஊர் மேரியிலும், அதாவது நகராட்சி அலுவலகத்திலும் சொல்லலாம். நமக்கு மேரி என்றால் கடற்கரைச் சாலைக் கட்டடம்தான் நினைவுக்கு வரும். அங்கே சின்ன ஊருக்கும் ஒரு மேரி உண்டு. சட்டம் சொல்லும் தகுதி வீட்டுக்கு இல்லை, இரண்டு மாதமாகப் பதிலும் இல்லை என்றால், மாவட்ட சமரசக் குழுவுக்குப் போகலாம், செலவில்லை. அதற்கும் மேலே நீதிமன்றம்.

போன குளிர்காலத்தில் லாஸ்பேட்டைத் தம்பி ஒருவனுக்கு ஹீட்டர் நின்றுபோனது. அவனும் வாடகையில் கழிக்கத்தான் கிளம்பினான். உட்கார வைத்துக் கடிதம் எழுத வைத்தேன். கையெழுத்துச் சீட்டு திரும்பி வந்த ஆறாம் நாள் ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போனான்.

வாடகை கட்டியதற்கு கித்தான்ஸ் என்ற ரசீது கேட்டால் வீட்டுக்காரர் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும். மாதாமாதம் கேட்டு வாங்குங்கள். நான் அது வந்ததும் மாமாவுக்கு ஒரு நகல் அனுப்பிவிடுகிறேன். அவர் ஒருநாளும் கேட்டதில்லை.