200 டன்னில் ஒரு வணிக விண்கப்பல்: புதியவர்களுக்கான செய்முறை

ஆளுக்கொரு பாத்திரமாகி, விதிகளையும் பகடையையும் வைத்துக் கதையை நடத்திப்போகும் ஆட்டம்தான் ரோல்பிளேயிங். அதில் அறிவியல் புனைவு ஆட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், கப்பல் வடிவமைக்கச் சொன்னால் முதலில் படம் வரைய உட்கார்ந்துவிடுவார்கள். மூக்கு எப்படி இருக்கணும், பீரங்கி எங்கே இருக்கணும் என்று நேரம் போகும். போர்க்கப்பலுக்கு அது சரிவரலாம். வணிகக் கப்பலுக்குப் படம் கடைசி வேலை; முதல் வேலை கணக்கு. இந்தக் கப்பலைக் கடனில்தான் வாங்கப் போகிறோம். சரக்கு நிறைந்து ஓடினால் தவணை கட்டி மிச்சம் வரணும். பாதி காலியாக ஓடினால் கழுத்தைப் பிடிக்கணும். அந்த இடைவெளியில்தான் கதை பிறக்கிறது. அந்த அளவுக்குக் கப்பலைக் கொண்டுவருவது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

இதற்கு நான் எடுத்துக்கொள்வது டிராவலர் என்ற ஆட்டத்தின் விதிகளை. 1977இல் அமெரிக்காவின் கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிட்டது; உருவாக்கியவர் மார்க் மில்லர். கீழே வரும் எண்களெல்லாம் 1981இல் வந்த திருத்தப் பதிப்பை ஒட்டியவை. பின்னால் வந்த பதிப்புகளில் எண்கள் மாறியிருக்கும், ஆனால் வேலை செய்யும் முறை இதேதான். ஒரு கட்டம் போட்ட நோட்டு, பென்சில், கால்குலேட்டர் போதும்.

படி 1: தொழிலை முடிவு செய்யுங்கள்

ஒரே வரியில் எழுதுங்கள்: "பக்கத்துப் பக்கத்து நட்சத்திரங்களுக்குச் சரக்கும் பயணிகளும் ஏற்றிப் போகும் சிறு கப்பல்." நாம் செய்யப் போவது இதைத்தான். பெயரும் இப்போதே வைத்துவிடலாம். நம் கப்பலுக்குச் செவ்வந்தி என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: உடல்

இந்த ஆட்டத்தில் டன் என்பது எடை இல்லை, இடம். ஒரு டன் திரவ ஹைட்ரஜன் பிடிக்கும் இடம்தான் ஒரு டன். ஏறக்குறைய 14 கன மீட்டர். எரிபொருளே ஹைட்ரஜன் என்பதால் இந்த அளவு வசதியாக அமைந்துவிடுகிறது. இதை மனதில் பதித்துக்கொண்டால் மீதி எல்லாம் வெறும் கழித்தல் கணக்கு.

நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போகும் கப்பல் குறைந்தது 100 டன் இருக்க வேண்டும். 100 டன்னில் எரிபொருளும் கட்டுப்பாட்டு அறையும் போனால் வியாபாரத்துக்கு மிஞ்சும் இடம் ரொம்பக் குறைவு. அதனால் 200 டன் தயார்நிலை உடலை எடுப்போம். விலை 80 லட்சம் கிரெடிட்; இந்த ஆட்டத்தில் பணத்துக்கு அதுதான் பெயர். இதன் பின்பகுதியில் எஞ்சின்களுக்கு 15 டன் இடம், முன்பகுதியில் 185 டன்.

இதோடு 20 லட்சம் கொடுத்துக் காற்றைக் கிழிக்கும் வடிவம் வாங்கிவிடுங்கள். அந்த வடிவம் இருந்தால்தான் காற்றுமண்டலம் உள்ள கிரகத்தில் நேராக இறங்கலாம், வியாழன் மாதிரி வாயுக் கோளில் உரசிப் பறந்து ஹைட்ரஜனை இலவசமாக அள்ளலாம். ஏழை வணிகருக்கு இதைவிட நல்ல முதலீடு கிடையாது.

படி 3: எஞ்சின்களும் எரிபொருளும்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மூன்று இயந்திரங்கள் வேண்டும். நட்சத்திரங்களுக்கு இடையே தாவ ஜம்ப் டிரைவ். கிரகத்தருகே ஓட மெனூவர் டிரைவ். இரண்டுக்கும் மின்சாரம் தரப் பவர் பிளான்ட். 'ஏ' வகையில் ஜம்ப் டிரைவ் 10 டன், 1 கோடி. மெனூவர் டிரைவ் 1 டன், 40 லட்சம். பவர் பிளான்ட் 4 டன், 80 லட்சம். கூட்டினால் 15 டன்; பின்பகுதியில் கச்சிதமாக உட்காரும்.

இந்த மூன்றும் 200 டன் உடலில் ஜம்ப்-1 தரும். ஒரு தாவலில் ஒரு பார்செக், அதாவது 3.26 ஒளியாண்டு. எவ்வளவு தூரம் தாவினாலும் தாவலுக்குப் பிடிப்பது சுமார் ஒரு வாரம். எரிபொருளாக, ஒவ்வொரு ஜம்ப் எண்ணுக்கும் கப்பலின் பத்தில் ஒரு பங்கு வேண்டும்: நமக்கு 20 டன். பவர் பிளான்ட் நாலு வாரம் ஓட 10 டன். ஆக 30 டன் தொட்டி.

"ஜம்ப்-2 போட்டால் இன்னும் தூரம் போகலாமே?" என்று கட்டாயம் தோன்றும். போட்டுத்தான் பாருங்கள். 'பி' வகை ஜம்ப் டிரைவ் 15 டன், அதற்கு ஈடான பவர் பிளான்ட் 7 டன், மெனூவர் டிரைவ் அதே 1 டன். 23 டன் ஆகிவிட்டதால் தயார்நிலை உடலில் அடங்காது. தனியாகக் கட்டச் சொல்லணும், அதற்குக் கூடுதல் விலை. எரிபொருள் 30இலிருந்து 60 டன்னாகும். எல்லாம் சேர்த்து 38 டன் சரக்கு இடம் போச்சு. இயந்திரங்களின் விலை மட்டும் 1 கோடியே 80 லட்சம் ஏறும். ஆனால் சரக்குக் கட்டணம் தூரத்துக்கு இல்லை, நடைக்குத்தான்: டன்னுக்கு 1,000 கிரெடிட். இரண்டு பார்செக் போனாலும் அதே ஆயிரம்தான். இழந்த சரக்கும் ஏறிய தவணையும் சேர்ந்து மாதம் ஒன்றரை லட்சம் துண்டு விழும். உங்கள் வரைபடத்தில் நட்சத்திரங்கள் இரண்டு பார்செக் இடைவெளியில் சிதறிக் கிடந்தால் வேறு வழியில்லை. அடுத்தடுத்து இருந்தால் ஜம்ப்-1 போதும்.

மெனூவர் டிரைவ் 1ஜி வேகமுடுக்கம் தருகிறது, அதாவது பூமியின் ஈர்ப்பு தரும் அளவு முடுக்கம். இது மெதுவானது என்று நினைக்க வேண்டாம். கிரகத்தின் விட்டத்தைப்போல் நூறு மடங்கு தூரம் தள்ளிப்போய்த்தான் தாவ வேண்டும் என்பது விதி. பூமி மாதிரி கிரகத்தில் அது சுமார் 12 லட்சத்து 75 ஆயிரம் கிலோமீட்டர். பாதி வழி முடுக்கி, பாதி வழி வேகம் தணித்துப் போனால்கூட 1ஜியில் ஆறேகால் மணி நேரம்தான். 2ஜி வாங்கினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சமாகும். சரக்கு அதற்காக அழப்போவதில்லை. கொள்ளையர் துரத்தும்போது மட்டும் நீங்கள் அழலாம்.

படி 4: கட்டுப்பாட்டு அறை, கணினி

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பிரிட்ஜ் 20 டன், 10 லட்சம். மாடல்-1 கணினி 1 டன், 20 லட்சம். ஜம்ப்-1 கப்பலுக்கு அது போதும்.

படி 5: ஆட்கள்

இதுவரை 15 + 30 + 20 + 1 = 66 டன் போயிருக்கிறது. மீதி 134. இதை மனிதர்களுக்கும் சரக்குக்கும் பங்கு போட வேண்டும்.

ஒரு கேபின் 4 டன், 5 லட்சம், ஆளுக்கு ஒன்று. ஓட்டுநர், எஞ்சினியர், மருத்துவர், உயர் வகுப்புப் பயணிகளைக் கவனிக்க உபசரிப்பாளர் என நாலு பேர் ஊழியர். ஆறு பயணிகள். மொத்தம் 10 கேபின், 40 டன்.

ஏன் ஆறு பயணிகள்? டன் கணக்கில் பார்த்தால் தெரியும். உயர் வகுப்புப் பயணி ஒரு நடைக்கு 10,000 தருகிறார். சாப்பாடு, காற்று, தண்ணீருக்கு 2,000 போனால் 8,000, டன்னுக்கு 2,000. சரக்கைவிட இரட்டிப்பு. ஆனால் பயணிகள் கிடைப்பது பகடையையும் அந்த உலகின் மக்கள்தொகையையும் பொறுத்தது. இருபது கேபின் கட்டிவிட்டு வெறுமையாக ஓட்டினால் வங்கிக்காரர்தான் வந்து உட்காருவார்.

அப்புறம், பயணிகளை உறையவைத்துத் தூக்கத்திலேயே கொண்டுபோகும் உறைதூக்கப் பெட்டிகள். அரை டன், 50,000 விலை, ஒரு பயணிக்கு 1,000 கட்டணம், செலவு 100தான். பத்து டன்னில் இருபது பேரை அடுக்கலாம். கணக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரையும் எழுப்பும்போது இரண்டு பகடையில் 5க்குக் குறையாமல் விழ வேண்டும். குறைந்தால் அவர் இறந்துவிடுகிறார். திறமையான மருத்துவர் பக்கத்தில் இருந்தால் 1 கூடும். அவர் இல்லாவிட்டால், 36இல் 6 வழிகளில் மரணம். அதாவது ஆறு பேரில் ஒருவர். காசில்லாதவர்கள்தான் இந்தப் பெட்டியில் ஏறுவார்கள் என்பதை மறக்காதீர்கள். இதை வைத்து வியாபாரம் செய்யலாமா என்பதை உங்கள் குழு ஆட்டத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசி முடிவு செய்வது நல்லது. செவ்வந்தியில் நான் வைக்கவில்லை.

ஆக, 134இல் 40 போக 94. ஆயுதக் கோபுரம் பிற்பாடு பொருத்த இரண்டு இடங்களுக்கு டன் வீதம் ஒதுக்கிவிடுங்கள். இந்த அளவு கப்பலில் இரண்டுதான் அனுமதி. அந்த இடங்களைத் தயார் செய்ய ஆகும் 2 லட்சத்தை ஆயுதம் வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். சரக்குக்கு 92 டன். இருபது அடிக் கண்டெய்னர் முப்பதுக்கு மேல் பிடிக்கும் இடம் அது. சின்னக் கப்பல் என்று சொன்னாலும் சின்ன வியாபாரம் இல்லை.

படி 6: விலை

லட்சத்தில் கூட்டுங்கள்: உடல் 80, வடிவம் 20, இயந்திரங்கள் 220, பிரிட்ஜ் 10, கணினி 20, கேபின் 50. சரியாக 400 லட்சம், அதாவது 4 கோடி கிரெடிட். புது வடிவமைப்பு என்பதால் வரைபடக் கட்டணம் ஒரு சதவீதம், 4 லட்சம், கையிலிருந்து கொடுக்கணும். பட்டியலில் உள்ள தயார் வடிவமைப்பை வாங்கினால் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

முன்பணம் 20 சதவீதம், 80 லட்சம். மீதிக்கு மாதாமாதம் விலையில் 240இல் ஒரு பங்கு, 480 மாதம். நாற்பது வருஷத் தவணை. கடைசியில் கட்டி முடிக்கும்போது 8 கோடியே 80 லட்சம் போயிருக்கும்.

படி 7: மாதக் கணக்கு

ஒரு வாரம் தாவலில், ஒரு வாரம் துறைமுகத்தில் என்றால் மாதம் இரண்டு நடை. செலவு:

தவணை 1,66,667
சம்பளம் (6,000 + 4,000 + 3,000 + 2,000) 15,000
பத்து கேபின், இரண்டு நடைக்கு 40,000
சுத்திகரித்த எரிபொருள் 50 டன், டன் 500 வீதம் 25,000
வருடாந்திரப் பராமரிப்பின் மாதப் பங்கு 3,333
துறைமுகக் கட்டணம் 200

மொத்தம் 2,50,200.

கப்பல் நிறைந்தால் ஒரு நடைக்குச் சரக்கில் 92,000, பயணிகளில் 60,000. மாதம் 3,04,000. மிச்சம் 53,800. சரி, நல்ல மாதம். இப்போது பாதிச் சரக்கும் மூன்று பயணிகளும் வைத்துப் பாருங்கள். வரவு 1,52,000. மூன்று கேபின் செலவு குறைந்து 2,38,200 போகும். 86,200 பள்ளம். ஒரு மோசமான மாதம், ஒன்றரை நல்ல மாதத்தின் லாபத்தைத் தின்றுவிடுகிறது.

செவ்வந்தி நாம் நினைத்த இடத்துக்கு வந்துவிட்டது. உங்கள் கப்பலில் பாதி நிறைந்தாலே லாபம் வந்தால், ஆட்டக்காரர்கள் யாருடைய ஆபத்தான வேலையையும் ஏற்க மாட்டார்கள். வங்கி வட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நிறைந்து ஓடினாலும் நஷ்டம் என்றால் இரண்டாவது அமர்விலேயே கப்பலை விட்டு ஓடிவிடுவார்கள்.

படி 8: பள்ளத்தை அடைக்க வழிகள்

இவற்றை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர்களே ஊழியர்களாக இருந்து சம்பளம் வேண்டாம் என்றால் 15,000 மிச்சம். வாயுக் கோளில் எரிபொருள் அள்ளினால் 25,000 மிச்சம், ஆனால் சுத்திகரிக்காத எரிபொருளில் தாவல் தடம் மாறி எங்கோ போய் விழும் ஆபத்து இருக்கிறது. சொந்தக் காசில் சரக்கு வாங்கி அடுத்த உலகில் விற்கலாம். பெரிய லாபமும் பெரிய அடியும் அதில்தான். கடைசி வழி, யாரும் கேள்வி கேட்கக் கூடாத சரக்கு.

படி 9: இப்போது படம்

ஒன்றரை மீட்டருக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொண்டால், மூன்று மீட்டர் உயரத்தில் இரண்டு கட்டம் ஒரு டன். மொத்தக் கப்பல் 400 கட்டம், சரக்கு அறை 184, எரிபொருள் 60. ஒரு கேபினுக்கு 8 கட்டம் வரும், ஆனால் எட்டையும் அறையாக்காதீர்கள். நாலு கட்டத்தில் படுக்கையும் கழிவறையும், மீதி நாலைத் தாழ்வாரத்துக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் கொடுங்கள்.

சரக்கு அறைக் கதவை அகலமாக, தரைமட்டத்துக்கு இறங்கும் சாய்தளத்தோடு வையுங்கள். பயணிகளின் கேபினும் சரக்கு அறையும் நேராகத் தொடவே கூடாது. நடுவில் பூட்டுள்ள கதவு ஒன்று வேண்டும். எஞ்சின் அறைக்குப் போகும் வழி சரக்கு அறைக்குள்ளாகப் போகட்டும். எஞ்சினியர் ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டிகளைக் கடந்துதான் போக வேண்டும். ஒரு நாள் அதில் ஒன்றிலிருந்து சத்தம் கேட்கலாம். வரைந்து முடித்ததும் கட்டங்களை எண்ணி டன் கணக்கோடு ஒப்பிடுங்கள். நாலைந்து கட்டம் கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. ஒரு பிரதியை, ஆட்டத்தை நடத்தும் நடுவரிடம் கொடுத்துவிடுங்கள். மாதக் கணக்குத் தாளை மட்டும் கப்பலுக்குத் தலைவராக இருக்கப் போகிறவர் வைத்துக்கொள்ளட்டும்.