கெர்னலில் கேரெஃப்: எடுத்த ரெஃபரன்ஸைத் திருப்பிக் கொடுப்பது எப்படி?

லினக்ஸ் டிரைவர் ஒன்றில் கேமாலக் போட்டு ஒரு பொருளுக்கு மெமரி வாங்கிவிட்டீர்கள். அதை உங்கள் ஃபங்ஷனும் பயன்படுத்துகிறது, பின்னணியில் ஓடும் ஒரு த்ரெட்டும் பயன்படுத்துகிறது. அந்த மெமரியை விடுவிக்கும் கேஃப்ரீயைப் போட வேண்டியது யார்? கடைசியில் முடிப்பவர்தான். ஆனால் யார் கடைசி என்று முன்கூட்டியே தெரியாது. அதனால்தான் பொருளை இப்போது எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணுகிறோம். அப்படி ஒருவர் பிடித்திருப்பதுதான் ஒரு ரெஃபரன்ஸ். எண்ணுவதற்கு கெர்னலிலேயே கேரெஃப் என்ற சின்ன ஸ்ட்ரக்ட் இருக்கிறது.

படி 1: உங்கள் ஸ்ட்ரக்டுக்குள் கேரெஃபை ஓர் உறுப்பாக வையுங்கள். பாயின்டராக அல்ல, நேரடியாக.

படி 2: மெமரி கிடைத்ததும் கேரெஃப் இனிட். எண்ணிக்கை 1 ஆகும். அந்த ஒன்று உங்களுடையது.

படி 3: த்ரெட்டிடம் கொடுப்பதற்கு முன்பே கேரெஃப் கெட். இது எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். ‘த்ரெட் ஓட ஆரம்பித்ததும் அதுவே எடுத்துக்கொள்ளட்டும்’ என்றுதான் நானும் முதலில் எழுதினேன். த்ரெட் கண் விழிப்பதற்குள் நம் பக்கம் வேலை முடிந்து, பொருளே போய்விட்டிருக்கும்! த்ரெட்டைத் தொடங்க முடியாமல் போனால், அதற்காக எடுத்ததை நீங்களே திருப்ப வேண்டும். இந்த வரிதான் பலருக்கும் விட்டுப்போகும்.

படி 4: வேலை முடிந்ததும் ஒவ்வொருவரும் கேரெஃப் புட். இது ஒன்றைக் குறைக்கும். எண்ணிக்கை 0 ஆனால் நீங்கள் கொடுத்த ரிலீஸ் ஃபங்ஷனை அது அழைக்கும். அங்கே கன்டெய்னர் ஆஃப் மேக்ரோவால், கேரெஃபிலிருந்து அதைச் சுமக்கும் முழுப் பொருளையும் பிடித்து, உள்ளே வாங்கியவற்றை வாங்கிய வரிசைக்குத் தலைகீழாக விடுவித்து, கடைசியில் கேஃப்ரீ. வேறெங்கும் கேஃப்ரீ வேண்டாம். புட் போட்ட பிறகு அந்தப் பாயின்டரைத் தொடவும் வேண்டாம், பிரின்ட் செய்வதற்குக்கூட.

படி 5: பொதுப் பட்டியலில் தேடி எடுப்பதானால், தேடுவதும் கெட் போடுவதும் ஒரே லாக்குக்குள் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) நடக்கட்டும். கடைசிப் புட்டும், பட்டியலிலிருந்து நீக்குவதும் அதே லாக்குக்குள்தான்.

சரி, ஒரே ஒரு புட் விட்டுப்போனால் என்ன ஆகிவிடும்? 2016 ஜனவரியில் வெளியான, லினக்ஸ் கெர்னலின் சிவிஇ-2016-0728 என்ற பாதுகாப்பு ஓட்டையைப் பாருங்கள். ஒரு ப்ராசஸ் தன்னிடம் ஏற்கெனவே உள்ள செஷன் கீரிங்கையே (கெர்னல் அந்த ப்ராசஸுக்காக வைத்திருக்கும் சாவிக்கொத்து) மறுபடி கேட்டால், கோட் ஒரு கோட்டூவில் (goto) குதித்து வெளியேறும். எடுத்த ரெஃபரன்ஸைத் திருப்பாது. எண்ணிக்கை 32 பிட். சுமார் 429 கோடி முறை கேட்டால் சுற்றிவந்து 0 ஆகிவிடும். பயன்பாட்டில் இருக்கும் கீரிங் விடுவிக்கப்படும். அந்த இடத்தில் தன் டேட்டாவை வைத்துச் சாதாரண யூசர் ரூட் (முழு அதிகாரம் உள்ளவர்) ஆகலாம். சரிசெய்ய விட்டுப்போன அந்தப் புட்டைச் சேர்த்தாலே போதுமாக இருந்தது.

இப்போதைய கேரெஃப், ரெஃப்கவுண்ட்-டி என்ற எண்ணிக்கை வகையின் மேல் நிற்கிறது. எண்ணிக்கை எல்லை மீறினால் சுற்றிவராமல் அங்கேயே உறைந்து எச்சரிக்கை கொடுக்கும். மெமரி கசியும், ஆனால் கள்ளச்சாவி ஆகாது.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் ஒவ்வொரு கோட்டூவுக்கும் விரல் வைத்து, எடுத்தது எத்தனை, திருப்பியது எத்தனை என்று எண்ணுங்கள். அப்புறம் கேசான், கேமெம்லீக் என்ற இரண்டு சோதனைக் கருவிகளையும் ஆன் செய்த கெர்னலில் ஓட்டுங்கள். அவசரப்பட்டு விடுவித்ததை முதலாவது காட்டும், விடுவிக்க மறந்ததை இரண்டாவது காட்டும்.